நூறு கிராம் ஈட்டி

மறையூர்ச் சந்தனத்துக்குக் கம்பிவேலி உண்டு, இரவுக் காவல் உண்டு, வனத்துறையின் ஏலமும் உண்டு. காந்தலூருக்குப் போகிறவர்கள் அந்த வேலியைப் பார்த்தபடியேதான் மலை ஏறுகிறார்கள். அதே பாம்பாற்றுப் பள்ளத்தாக்கின் ஈரமான சரிவுகளிலும், மலைத்தொடருக்கு அப்பால் பாலக்காட்டுப் பறம்பிக்குளத்திலும் நிற்கும் ஈட்டி மரத்தை யாரும் வண்டியை நிறுத்திப் பார்ப்பதில்லை. இந்திய ரோஸ்வுட் என்று உலகம் அறிந்திருக்கும் மரம் அதுதான். ஒரு முழ நீளம், மூன்று விரல் அகலம் உள்ள அதன் பலகை ஒன்று, இன்று பல நாடுகளில் தேடித்தேடி வாங்கப்படும் ஓர் இசைக்கருவியின் கழுத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது.

1950களிலும் 60களின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் செய்யப்பட்ட மின் கிதார்களை, திருகாணி வரை பழையபடியே திரும்பச் செய்து விற்கிறார்கள். வாசிப்பவர்கள் இவற்றை ரீஇஷ்யூ என்பார்கள். மறுபதிப்பு என்று நாம் சொல்லலாம். இவற்றின் விலை ஏறிக்கொண்டே போகிறது. கேட்ட மாடல் கேட்ட நேரத்தில் கிடைப்பதில்லை. ஏன் என்று விசாரித்தால், மரம் தீர்ந்துவிட்டது என்ற பதில் வரும். அது பாதி உண்மைதான். மரம் அரிதாகிவிட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் கிதாரின் விலையைத் தூக்குவது அந்தத் தட்டுப்பாடு இல்லை. ஆலையின் விலைப்பட்டியலில் திட்டமிட்டு உண்டாக்கப்படும் இன்னொரு தட்டுப்பாடு இருக்கிறது. விலை அதற்குத்தான் கட்டுப்படுகிறது. காட்டில் நடக்கும் தட்டுப்பாட்டுக்கு யாரும் விலை கொடுப்பதில்லை. ஈட்டிக்கு நேர்ந்த கேடு அதுவே என்பது என் வாதம்.

முதலில் கருவியின் கதை. லியோ ஃபெண்டர் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் 1954இல் ஸ்ட்ராடோகாஸ்டரை வெளியிட்டபோது அதன் விலை 249 டாலர் 50 சென்ட். கழுத்து முழுக்க வெளிர்நிற மேப்பிள். அதன்மேல் பூசிய லாக்கர் விரல்பட்டுத் தேய, தேய்ந்த இடத்தில் அழுக்கு ஏறியது. அதனால் 1958இல் ஜாஸ்மாஸ்டர் மாடலிலும் அடுத்த ஆண்டு ஸ்ட்ராடோகாஸ்டரிலும் கரும்பழுப்பு ரோஸ்வுட் பலகையைக் கழுத்தின் மேல் ஒட்டத் தொடங்கினார்கள். இதைத்தான் ஃபிரெட்போர்டு என்கிறோம். அப்போது வந்தது பிரேசில் மரம். 60களின் நடுப்பகுதியில் ஃபெண்டர் இந்திய மரத்துக்கு மாறியது. பெட்டிக் கிதார்களுக்குப் பேர்போன மார்ட்டின் நிறுவனம் 1969இல் மாறியது. பிரேசில் தன் மரத்தை உருட்டுக்கட்டையாக வெளியே விடுவதைக் கட்டுப்படுத்தியதும், மேற்குத் தொடர்ச்சி மலை அந்த இடத்தை நிரப்பியது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக உலகின் நல்ல கிதார்களில் பெரும்பங்கு நம் பக்கத்து மரத்தின் மேல் விரல் ஓட வாசிக்கப்பட்டிருக்கிறது.

1965 ஜனவரியில் சிபிஎஸ் நிறுவனம் 13 மில்லியன் டாலருக்கு ஃபெண்டரை வாங்கியது. அதற்குப் பிறகு தரம் இறங்கிவிட்டது என்பது வாசிப்பவர்களிடையே ஊறிப்போன நம்பிக்கை. ‘சிபிஎஸ்ஸுக்கு முந்தையது’ என்ற ஒரு தகுதியே விலையை இரட்டிப்பாக்கியது. போட்டி நிறுவனமான கிப்சனின் கதை இன்னும் விசித்திரம். 1958 முதல் 1960 வரை வந்த சன்பர்ஸ்ட் நிற லெஸ் பால் கிதார் அன்று சரியாக விற்கவில்லை; நிறுவனமே அதை நிறுத்திவிட்டது. மூன்று ஆண்டுகளில் செய்தவை மொத்தம் ஏறக்குறைய ஆயிரத்தைந்நூறுதான் என்று மதிப்பிடுகிறார்கள். 60களின் நடுவில் கிதார் கலைஞர்கள் எரிக் கிளாப்டனும் மைக் புளூம்ஃபீல்டும் அதைக் கையில் எடுத்த பிறகு நிலைமை தலைகீழானது. இன்று அவற்றில் ஒன்று கைமாறினால் தொகை லட்சக்கணக்கான டாலர்களில் பேசப்படுகிறது.

பழைய கிதாரை யாரும் புதிதாகச் செய்ய முடியாது. இருப்பது இருப்பதுதான். ஆகவே அது ஏறுவதில் வியப்பில்லை. வியப்புக்குரியது மறுபதிப்பு. அதை வேண்டிய மட்டும் செய்யலாம். பிறகு ஏன் தட்டுப்பாடு?

மறுபதிப்பு பிறந்ததே ஒரு நெருக்கடியில். 70களின் இறுதியில் டோக்காய், கிரெக்கோ போன்ற ஜப்பானியப் பெயர்கள் பழைய அமெரிக்கக் கிதார்களைப் பார்த்து அப்படியே செய்தன. அந்தப் பிரதிகள், அசல் நிறுவனத்தின் அன்றைய கிதார்களைவிட நன்றாக இருந்தன. ஃபெண்டர் 1982இல் இரண்டு வழியில் பதில் சொன்னது. ஜப்பானிலேயே கூட்டு நிறுவனம் தொடங்கி ஃபூஜிஜென் ஆலையில் செய்யவைத்தது. இன்னொரு பக்கம் ஃபுல்லர்டனில் 1957, 1962 ஸ்ட்ராடோகாஸ்டர்களையும் 1952 டெலிகாஸ்டரையும் பழைய அளவுகளின்படி மீண்டும் செய்தது. மூன்று ஆண்டுகளுக்குள் ஃபுல்லர்டன் ஆலையே கைவிட்டுப் போனது. 1985இல் சிபிஎஸ் ஃபெண்டரை அதன் நிர்வாகிகளுக்கே விற்றது. ஆலை கொரோனா என்ற ஊருக்கு மாறியது. இடைப்பட்ட அந்தச் சில ஆண்டுகளின் ஃபுல்லர்டன் மறுபதிப்புகளும், ஜேவி என்று தொடங்கும் வரிசை எண் கொண்ட ஜப்பானிய மறுபதிப்புகளும் இன்று தாமே சேகரிப்புப் பொருள்கள். நகலாக வந்தது நாற்பது ஆண்டில் தனக்கென ஒரு வம்சாவளியைப் பெற்றுவிட்டது.

இந்தப் பாடத்தை நிறுவனங்கள் நன்றாகப் படித்துக்கொண்டன. ஃபெண்டரின் அமெரிக்கன் வின்டேஜ் வரிசை 2012இல் மாற்றப்பட்டது. அதற்குப் பதிலாக வந்தது 2018இல் அமெரிக்கன் ஒரிஜினல் ஆனது. 2022இல் அதுவும் போய் அமெரிக்கன் வின்டேஜ் இரண்டாம் வரிசை வந்தது. ஒவ்வொரு முறையும் ஆண்டு மாறும்: 56, 59, 61, 65 என்று. கழுத்தின் பருமன் மாறும், காந்தச்சுருளின் கம்பி மாறும், நிறம் மாறும். நிறுத்தப்பட்ட வரிசை அன்றிலிருந்து அரிதாகும். அடுத்த மாதமே இரண்டாம் கைச் சந்தையில் அதன் விலை நிமிரும். கிப்சன் 1993இல் தொடங்கிய ஹிஸ்டாரிக் வரிசையிலும் இதே ஆட்டம். தேவையை முழுதாக நிறைவேற்றாமல் விடுவதில் நிறுவனத்துக்கு லாபம் இருக்கிறது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பட்டுக் கடைகள்கூட ஒரு டிசைனுக்கு இத்தனைதான் என்று நிறுத்திக்கொள்வதுண்டு. மரத்தின் மேல் பழியைப் போடுவதுதான் பிசகு.

மரமே விலையை நிர்ணயித்த இடமும் உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. 2003இல் கிப்சன் தன் லெஸ் பால் மறுபதிப்புகள் சிலவற்றுக்குப் பிரேசில் ரோஸ்வுட் ஃபிரெட்போர்டு வைத்தது. ஒரே ஆண்டு, ஒரே மாடல், ஒரே ஆலை. பிரேசில் பலகை உள்ளது ஒரு விலை, இந்தியப் பலகை உள்ளது வேறு விலை. இன்றைய சந்தையில் அந்த வித்தியாசம் சில ஆயிரம் டாலர்கள். கண்ணைக் கட்டிவிட்டு வாசிக்கச் சொன்னால் இரண்டையும் பிரித்துச் சொல்லக்கூடியவர்கள் இருப்பார்களா என்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. பிரேசில் ரோஸ்வுட் 1992இல், அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அழிவின் விளிம்பில் உள்ளவற்றுக்கான பட்டியல் அது. வணிகத்துக்காக எல்லை கடத்துவது ஏறக்குறைய முழுதாகத் தடை. ஆக அந்த 2003 கிதார், தான் இருக்கும் நாட்டுக்குள்ளேயே சுற்றிச்சுற்றி விற்கப்படுகிறது.

இந்திய மரத்தின் முறை 2017இல் வந்தது. ஜோகன்னஸ்பர்க்கில் 2016இல் கூடிய சைட்டீஸ் மாநாடு, ஈட்டி அடங்கிய தால்பெர்ஜியா பேரினம் முழுவதையும் இரண்டாம் பட்டியலில் போட்டது. 2017 ஜனவரி 2 முதல் அது நடைமுறைக்கு வந்தது. குறி வைத்தது கிதாரை இல்லை, சீனத்தின் ஹோங்மு அறைகலன்களை. அந்தச் சந்தைக்காக ஆப்பிரிக்காவிலும் தென்கிழக்காசியாவிலும் ரோஸ்வுட் காடுகள் மொட்டையாகிக்கொண்டிருந்தன. ஒரு இனத்தைத் தடுத்தால் இன்னொரு இனத்தின் பெயரில் கட்டைகள் போயின. அறுத்த பலகையைப் பார்த்து இது எந்த இனம் என்று சுங்க அதிகாரி சொல்ல முடியாது என்பதால், பேரினத்தையே சேர்த்தார்கள்.

சிக்கியதோ கிதார். ரோஸ்வுட் பலகை உள்ள ஒவ்வொரு கிதாருக்கும், விற்பனைக்காக எல்லை தாண்டும்போது அனுமதிச் சீட்டு வேண்டும் என்றானது. மலிவான மாடல்களுக்கு வேறு வழி இருந்தது: ஃபெண்டர் தன் மெக்சிகோ ஆலைக் கிதார்களுக்குப் பாவ் ஃபெரோ என்ற தென்னமெரிக்க மரத்துக்கு மாறியது. மறுபதிப்புக்கு அந்த வழி இல்லை. 1962ஐ மறுபதிப்பிக்கிறேன் என்று சொல்லிவிட்டு 1962இல் இல்லாத மரத்தை வைக்க முடியாது. பழையபடியே செய்வேன் என்ற வாக்குறுதியே அதைக் கட்டிப்போட்டது. ரோஸ்வுட் கிதார்களை வெளிநாட்டுக்கு விற்பது சிறு வியாபாரிகளுக்குப் பெருந்தலைவலியாக, பலர் அதையே விட்டுவிட்டார்கள். ஒரு நாட்டில் தேங்கியது இன்னொரு நாட்டில் கிடைக்காமல் போயிற்று. 2019 ஆகஸ்டில் ஜெனீவாவில் கூடிய மாநாடு, முழுமையாகச் செய்து முடிக்கப்பட்ட இசைக்கருவிகளுக்கும் அவற்றின் பாகங்களுக்கும் விலக்கு அளித்தது. நவம்பர் 26 முதல் சீட்டுத் தொல்லை ஒழிந்தது. விலை மட்டும் பழைய இடத்துக்கு இறங்கவில்லை. அடுத்த ஆண்டே கொள்ளைநோய். வீட்டுக்குள் அடைபட்டவர்கள் கிதார் வாங்கினார்கள். 2020இல் ஃபெண்டர் தன் வரலாற்றிலேயே மிக அதிகமாக விற்றது. அதே ஆண்டு, ஆஷ் மரங்களைக் குடையும் வண்டின் பெருக்கத்தாலும் மிசிசிப்பி ஆற்று வெள்ளத்தாலும் கிதார் உடலுக்கான ஆஷ் கிடைக்காமல், வழக்கமான மாடல்கள் பலவற்றில் அந்த மரத்தையும் நிறுத்தியது. மிச்சமிருந்த ஆஷ் மரம் வரலாறு கேட்ட மறுபதிப்புகளுக்குப் போனது.

சட்டமும் மரமும் இன்னும் கடுமையாக மோதிய நிகழ்வு இதற்கு முன்பே நடந்துவிட்டது; அதன் ஒரு முனை தென்னிந்தியா. 2011 ஆகஸ்ட் 24 அன்று ஆயுதம் ஏந்திய அமெரிக்கக் கூட்டாட்சி அதிகாரிகள் நாஷ்வில்லிலும் மெம்ஃபிஸிலும் உள்ள கிப்சன் ஆலைகளுக்குள் நுழைந்தார்கள். கைப்பற்றியவற்றில் இந்தியாவிலிருந்து போன கருங்காலி, ஈட்டி ஃபிரெட்போர்டுத் துண்டுகள் இருந்தன. அமெரிக்காவின் லேசி சட்டம், எந்த நாட்டில் மரம் வெட்டப்பட்டதோ அந்த நாட்டுச் சட்டத்தை மீறி ஏற்றுமதியானால் அதை அமெரிக்காவிலும் குற்றம் என்கிறது. அறுத்த பலகையாக ஈட்டியை வெளியே விடுவதை இந்தியா தடுத்திருந்தது. வேலைப்பாடு முடிந்த பொருளாக விடலாம். அப்படியானால் ஃபிரெட்போர்டுத் துண்டு எது?

அந்தத் துண்டைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நீளம் அரை மீட்டருக்குச் சற்று மேல், அகலம் 7 சென்டிமீட்டர், கனம் 9 மில்லிமீட்டர். நல்ல துண்டாக இருந்தால் ஆண்டுவளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்க, இழைகள் நேராக ஓடும்படி ஆரவாட்டில் அறுத்திருப்பார்கள். அப்போதுதான் கழுத்து வளையாது. புதிதாகச் சீவிய முகத்தில் ஊதா கலந்த பழுப்பு. ஊடே கறுப்புக் கோடுகள். காற்றுப் பட்டால் சில வாரத்தில் ஊதா மங்கிப் பழுப்பு நிலைக்கும். நுண்துளைகள் கண்ணுக்குத் தெரியும். நகத்தால் கீறினால் எளிதில் தடம் விழாது. முனைகள் வெடிக்காமல் இருக்க மெழுகு தடவியிருக்கும். ஃபிரெட் கம்பிக்கான பள்ளங்கள் இன்னும் வெட்டப்படவில்லை. தச்சன் கண்ணுக்கு இது முக்கால்வாசி முடிந்த வேலை. சுங்கப் புத்தகத்துக்கு இது 6 மில்லிமீட்டருக்கு மேல் கனமுள்ள அறுத்த மரமாகவும் இருக்கலாம், இசைக்கருவியின் பாகமாகவும் இருக்கலாம். முதலாவதானால் வரிசை எண் 4407, ஏற்றுமதிக்குத் தடை. இரண்டாவதானால் 9209, தடையில்லை. தாள்களில் ஒரு இடத்தில் ஒன்று, இன்னோரிடத்தில் வேறொன்று எழுதப்பட்டிருந்தது.

அடுத்த மாதமே இந்திய அயல்வணிகத் தலைமை இயக்ககம், ஃபிரெட்போர்டு முடிக்கப்பட்ட பொருளே, ஏற்றுமதிக்குத் தடையில்லை என்று விளக்கம் தந்தது. 2012 ஆகஸ்டில் வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. முக்கியக் குற்றம் மடகாஸ்கர் கருங்காலி பற்றியது. அதற்காகக் கிப்சன் 3 லட்சம் டாலர் அபராதமும், காட்டு வளப் பாதுகாப்புக்கென 50 ஆயிரம் டாலரும் கட்டியது. இந்திய மரத்தின் சட்ட நிலை தெளிவற்றது என்று ஒப்புக்கொண்டு, அதை நிறுவனத்திடமே திருப்பிக் கொடுத்தார்கள். அந்த மரத்தைக் கொண்டு கிப்சன் ‘கவர்ன்மென்ட் சீரிஸ்’ என்று பெயரிட்டுக் கிதார்கள் செய்து விற்றது. சோதனையிட்டுப் பறிக்கப்பட்ட மரம் என்பதே விற்பனைக்கான கதையாயிற்று. இரண்டு நாட்டு அரசுகளும் ஒரு பெரும் நிறுவனமும் ஓராண்டு அந்தத் துண்டின் கனத்தை அளந்துகொண்டிருந்தபோது, அது எந்த மலைச்சரிவில் நின்ற மரம், யாருடைய நிலம், வெட்டியவருக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வி அந்த விவாதத்தில் ஓர் ஓரமாகக்கூட எழவில்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் தேட மலைக்குத்தான் வரவேண்டும்.

காந்தலூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மறையூர், காரையூர், கீழாந்தூர், கொட்டகுடி ஆகியவற்றோடு சேர்த்து அஞ்சுநாடு. மதுரைப் பக்கமிருந்து வந்து குடியேறியதாகத் தங்கள் முன்னோர் கதையைச் சொல்லும் தமிழ் மக்கள். வாங்குவதும் விற்பதும் மருத்துவத்துக்குப் போவதும் பெரிதும் உடுமலைப்பேட்டைக்கு. மாநிலம் கேரளம், மாவட்டம் இடுக்கி. வடக்கே மஞ்சம்பட்டிப் பள்ளத்தாக்கும் ஆனைமலையின் அப்பகுதியும் தமிழ்நாட்டைச் சேர்ந்தவை. அதற்கும் மேற்கே பறம்பிக்குளம், பாலக்காடு மாவட்டம். ஈட்டிக்கு இந்த எல்லைகள் எதுவும் தெரியாது. காந்தலூரின் பூண்டும் ஆப்பிளும் விளையும் குளிருக்கு அது ஏறி வருவதில்லை. கீழே, மழைக்காட்டுக்கும் வறண்ட காட்டுக்கும் இடைப்பட்ட இலையுதிர் காடுதான் அதன் வீடு. தேக்கோடு கலந்து நிற்கும், ஆனால் தேக்கைப்போல் கூட்டமாக நிற்காது. ஒரு மரம் வயிரம் பாய்ந்து அறுக்கும் பருவத்துக்கு வர ஏறக்குறைய ஒரு மனித ஆயுள் ஆகும்.

வெட்டத் தொடங்கி நெடுங்காலம் ஆகிறது. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் இதை ‘பிளாக்வுட்’ என்று அழைத்து, பீரங்கி வண்டிக்கும் மாளிகை நாற்காலிகளுக்கும் கொண்டுபோனார்கள். கொச்சி சமஸ்தானம் பறம்பிக்குளத்துத் தேக்கையும் ஈட்டியையும் இறக்குவதற்கென்றே சாலக்குடி வரை ஏறக்குறைய 80 கிலோமீட்டர் டிராம்வே போட்டது. 1907 முதல் 1963 வரை அது ஓடியது. மலைச்சரிவில் மேலிருந்து இறங்கும் வண்டியின் பாரமே கீழிருந்து காலி வண்டியை மேலே இழுக்கும்படி சில இடங்களில் அமைத்திருந்தார்கள். பொறியியலாக அது அழகு. காட்டுக்கு அது அரை நூற்றாண்டு நீண்ட இரத்தப்போக்கு. கிதார் உலகம் இந்திய ரோஸ்வுட்டைத் தேடி வந்தபோது, பெரிய மரங்களில் கணிசமானவை ஏற்கெனவே நாற்காலியும் மேசையும் ஆகிவிட்டிருந்தன.

ஈட்டியை உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அழிவாய்ப்புள்ள இனமாக வகைப்படுத்தியிருக்கிறது. காப்பாற்ற நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. திருவிதாங்கூர்க் காலத்திலேயே தேக்கு, ஈட்டி, சந்தனம், கருங்காலி ஆகியவை ராஜ மரங்கள். யாருடைய நிலத்தில் நின்றாலும் அரசருடையவை. அரசர் போன பின்னும் அந்த எண்ணம் போகவில்லை. கேரளத்தின் 1964ஆம் ஆண்டு நிலப்பதிவு விதிகளின்படி பட்டா பெற்ற நிலத்திலும் இந்த மரங்கள் அரசுக்கே ஒதுக்கப்பட்டன. தமிழ்நாடு 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகப் பட்டா நிலத்து ஈட்டியையும் அரசின் அனுமதியின்றி வெட்டக்கூடாது என்றது. நோக்கத்தில் குறையில்லை. விளைவைப் பார்க்க வேண்டும். ஒரு விவசாயியின் நிலத்தில் ஈட்டிக் கன்று தானாக முளைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது வளர்ந்தால் நிழல் விழும், பயிர் குறையும், வெட்ட முடியாது, விற்க முடியாது, திருட்டுப்போனால் விசாரணை அவர் வீட்டு வாசலுக்கு வரும். கன்றாக இருக்கும்போதே பிடுங்கி எறிவதுதான் அவருக்கு மிச்சம். வேரிலிருந்தே துளிர்த்துப் பெருகக்கூடிய மரம் ஈட்டி. அப்படிப்பட்டதையும் விளைநிலத்தில் காணாமல் செய்திருக்கிறோம்.

அஞ்சுநாட்டின் மலைச்சரிவுகளில் எதை நட்டார்கள் என்று பார்த்தால் இது விளங்கும். கிராண்டிஸ் என்று ஊரில் சொல்லும் யூகலிப்டஸ். சில ஆண்டுகளிலேயே வெட்டலாம், நட்டவருக்கே சொந்தம், வாங்க ஆள் தயார். அது நீரை உறிஞ்சி ஓடைகளை வற்றவைத்துவிட்டது என்று அங்குள்ள விவசாயிகளே குறைப்படுகிறார்கள். தனக்கு உரிமையுள்ள மரத்தைத்தான் மனிதர் நடுவார். இதில் பேராசையைத் தேட வேண்டியதில்லை.

உரிமை தருகிறோம் என்று அரசு திடீரெனக் கதவைத் திறந்தபோது நடந்தது முட்டில். 2020 அக்டோபர் 24 அன்று கேரள வருவாய்த்துறை ஓர் உத்தரவு பிறப்பித்தது: பட்டா நிலத்தில் நட்ட, தானாக வளர்ந்த மரங்களை, சந்தனம் நீங்கலாக, விவசாயிகள் வெட்டிக்கொள்ளலாம். 2021 பிப்ரவரி 2 அன்று அது திரும்பப் பெறப்பட்டது. இடைப்பட்ட நூறு நாட்களில் வயநாட்டின் முட்டில் பகுதியில் நூற்றுக்கு மேற்பட்ட ஈட்டி மரங்கள் சாய்ந்தன. அவற்றில் பல நூறு ஆண்டு வயதுள்ளவையும் இருந்தன. பழங்குடியினர் உள்ளிட்ட சிறு விவசாயிகளிடம் அரசு உத்தரவைக் காட்டிச் சொற்பத் தொகைக்கு மரங்களை வாங்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. இடுக்கி உள்ளிட்ட பிற மாவட்டங்களிலும் மரங்கள் விழுந்தன. தலைமுறைகளாக மூடிவைத்த கதவை, பதிவேடும் கணக்கும் இல்லாமல் சில மாதங்களுக்குத் திறந்தால் உள்ளே முதலில் நுழைவது தரகர்தான். முட்டிலைக் காட்டி, உரிமையே கொடுக்கக்கூடாது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. அங்கே விவசாயிக்குக் கிடைத்தது உரிமை இல்லை. யார் முதலில் வந்து கேட்கிறாரோ அவருக்குக் கொடுத்துவிடும் அவசரம்.

இப்போது பணத்தைக் கணக்குப் பார்க்கலாம். ஃபிரெட்போர்டுத் துண்டின் கன அளவு ஏறக்குறைய 330 கன சென்டிமீட்டர். எடை 280 கிராம் போல வரும். சீவி, வளைவு கொடுத்து, கழுத்தில் ஒட்டி முடிக்கும்போது மிஞ்சுவது சுமார் 100 கிராம். ஒரு கன மீட்டர் நல்ல மரத்தில், அறுப்பில் பாதிக்கு மேல் தூளும் கழிவுமாகப் போனாலும், ஆயிரத்துக்கு மேற்பட்ட துண்டுகள் தேறும். அமெரிக்காவில் ஒரு துண்டின் சில்லறை விலை 20 டாலர் சுற்றுவட்டாரம். ஆயிரக்கணக்கில் வாங்கும் ஆலைக்கு இன்னும் குறைவு. அது போய் ஒட்டப்படும் மறுபதிப்பு கிதாரின் விலை 2,000 டாலருக்கு மேல். நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே மரத்தின் விலை. அந்த ஒரு பங்கிலும் அறுப்பாலை, ஏற்றுமதியாளர், கப்பல், சில்லறைக் கடை எல்லாம் எடுத்தது போக, மலைக்கு வருவது பைசாக்கள். ஈட்டியின் விலை நாளை இரண்டு மடங்கானாலும் கிதாரின் விலை நகர வேண்டிய தூரம் மிகக் குறைவு. ஆகவே மறுபதிப்பின் விலையேற்றத்தை மரத்தின் கணக்கில் எழுதுவது பொருந்தாது. காந்தம், கம்பி, லாக்கர், கூலி எல்லாம் சேர்த்தும் பொருந்தாது. ‘1962’ என்ற எண்ணுக்குக் கொடுக்கும் விலை அது.

அந்த எண்ணுக்குக் கொடுக்கும் விலையை நான் எளிதாக ஒதுக்கிவிட மாட்டேன். சென்னையில் வாசிப்பவர்களுக்கு மறுபதிப்பு ஏன் தேவைப்படுகிறது என்பதற்குத் திடமான காரணம் இருக்கிறது. 1991க்கு முன் வெளிநாட்டுக் கிதார் இங்கே எளிதில் வராது. யாராவது வெளியே போய் வந்தால்தான் உண்டு. இன்றும் பழைய கிதாரை வணிகமாக இறக்குமதி செய்ய, பயன்படுத்திய பொருள் என்ற வகையில் தனி அனுமதி வேண்டும். ஆக பழைய ஒலி வேண்டுமென்றால் புதிதாகச் செய்த பழைய கிதார்தான் வழி. சுகுமார் பிரசாத் 80களில் மின் கிதாரில் கர்நாடக சங்கீதம் வாசித்தார். பிறகு பிரசன்னா வந்தார். திடவுடல் மின் மாண்டலினில் உ. ஸ்ரீநிவாஸ் ஓர் உலகத்தையே திறந்தார். கமகத்துக்குக் கம்பியைப் பக்கவாட்டில் இழுக்கும் கைக்குக் கழுத்தின் பருமனும் ஃபிரெட்டின் உயரமும் பலகையின் வளைவும் உயிர்ப்பிரச்சினை. ராகம் வாசிப்பவர் பழைய அளவுகளைத் தேடுவது வாசிப்பின் அவசியம். இறக்குமதி வரியும் சரக்குக் கட்டணமும் ஜிஎஸ்டியும் சேர்த்து அவர் கையில் வரும்போது கிதாரின் விலை ஒரு நடுத்தரக் குடும்பத்தின் பல மாத வருமானம். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து புறப்பட்ட மரம், பசிபிக்கைக் கடந்து போய், ஒட்டப்பட்டு, திரும்பி வந்து, மலைக்குப் பக்கத்திலுள்ள மதுரையிலோ கோவையிலோ எட்டாத விலையில் நிற்கிறது.

மரத்துக்கும் கருவிக்கும் இடையில் பணத்தைத் திருப்பிவிட முடியும் என்பதற்கு ஒரு எடுத்துக்காட்டு உண்டு. 2019 ஜூன் 20 அன்று நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் ராக் கிதார் கலைஞர் டேவிட் கில்மர் தன் கிதார்களை விற்றார். கறுப்பு ஸ்ட்ராடோகாஸ்டர் மட்டும் 39 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்குப் போனது. மொத்தம் 2 கோடி டாலரைத் தாண்டியது. அந்தப் பணத்தைச் சுற்றுச்சூழல் வழக்குகள் நடத்தும் கிளையன்ட்எர்த் அமைப்புக்குக் கொடுத்துவிட்டார். ஒரு தனிமனிதரின் நல்ல மனம் அது. மாதாமாதம் ஆயிரக்கணக்கில் கிதார் செய்யும் தொழிலின் வழக்கமாக அது மாறவில்லை.

ஜாவாவில் இதே இனத்தைத்தான் சோனோகெலிங் என்று தோட்டங்களிலும் சிறு விவசாயிகளின் நிலங்களிலும் வளர்க்கிறார்கள். மலிவான கிதார்கள் பலவற்றில் இன்று இருக்கும் ‘இந்திய’ ரோஸ்வுட் அங்கிருந்து வருவது. நட்டவர் வெட்டி விற்கலாம் என்பதால் அங்கே மரம் இருக்கிறது. நம் பக்கத்தில் இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. சந்தனத்தில் கர்நாடகம் 2001இலும் தமிழ்நாடு 2002இலும் சட்டத்தைத் திருத்தி, நிலத்துக்காரருக்கு மரத்தின் மேல் உரிமை கொடுத்தன. அதன் பிறகே தனியார் நிலங்களில் சந்தனம் நடும் ஆர்வம் பிறந்தது. ஈட்டிக்கும் அதைச் செய்யலாம். முட்டில் கற்றுக்கொடுத்ததை மறக்காமல் செய்ய வேண்டும்: இப்போது நிற்கும் முதிய மரங்களைத் தொடக்கூடாது; அவற்றை எண் போட்டுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். இன்று முதல் நடும், முளைக்கும் கன்றுகளுக்கு மட்டும் நடும் நாளிலேயே பதிவு. வெட்டும் உரிமை நிலத்துக்காரருக்கு எழுத்தில். விற்பனை வனத்துறைக் கிடங்கின் வெளிப்படையான ஏலத்தில். அறுபது, எழுபது ஆண்டு காத்திருக்க முடியாத விவசாயிக்கு இடைக்காலத்தில் ஆண்டுத் தொகை ஒன்று வேண்டும். அதற்கான பணம் எங்கே என்று கேட்பார்கள். ஒரு மறுபதிப்பு கிதாருக்கு 5 டாலர் போதும். அந்த விலையில் வாங்குபவருக்கு அது தெரியக்கூட தெரியாது.

விலை உயர்ந்த மறுபதிப்புகளின் பெட்டியில் ஒரு சான்றிதழ் வரும். மாடல், வரிசை எண், கட்டிய ஆலை அதில் இருக்கும். விவரக்குறிப்பைத் தேடினால் காந்தச்சுருளின் வகை, லாக்கரின் பெயர், ஃபிரெட் கம்பியின் அளவு வரை கிடைக்கும். மரத்துக்கு ‘ரோஸ்வுட்’ என்ற ஒரு சொல்லோடு சரி. அதன் பக்கத்தில் எந்த மாநிலம், எந்தக் கிடங்கு, எந்த ஆண்டு ஏலம் என்று மூன்று விவரம் சேர்க்கச் சொல்லி வாங்குபவர்கள் கேட்கத் தொடங்க வேண்டும். ஏற்றுமதித் தாளில் அந்த விவரங்களைக் கட்டாயமாக்கும் அதிகாரம் தில்லியிடம் ஏற்கெனவே இருக்கிறது.